விறகுப் பெட்டிக்குள் விண்வெளிப் பயிற்சி

கடற்கரைச் சாலையில் சாயங்காலமானால் என்னோடு உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிற கிழவிகளே, நேற்று நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். லாஸ்பேட்டையிலிருந்து வருகிறவள் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தக் குழந்தை தான் விண்வெளிக்குப் போகப்போவதாகச் சொன்னது. அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னது. கணக்கு நன்றாக வர வேண்டும், உடம்பு உறுதியாக இருக்க வேண்டும், நீந்தத் தெரிய வேண்டும், தனியாக இருக்கப் பழக வேண்டும். "மொதல்ல தனியா கக்கூசுக்குப் போவப் பழகு" என்று உங்களில் ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. கேட்காவிட்டால் என்ன, சொல்கிறேன். அந்தக் குழந்தை சொன்னதையெல்லாம் நம்மில் ஒருத்தி பன்னிரண்டு வயதில் செய்து பார்த்திருக்கிறாள். நீந்துவதைத் தவிர.

நான் சந்தேகப் பிராணி என்று நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். பால்காரர் ஊற்றும்போது படியை எட்டிப் பார்ப்பேன். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மருமகள் காப்பி கொடுத்தால்கூட எதற்காக இன்றைக்குச் சீக்கிரம் கொடுக்கிறாள் என்று யோசிப்பேன். இது என் கூடப் பிறந்ததில்லை. ஒரு கோடைக்காலத்தில் என் வீட்டார் சேர்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியில் கொடியை இறக்கிவிட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஊரை முழுசாக ஒப்படைக்கிற கடைசிக் கையெழுத்து இன்னும் ஆகவில்லை, இந்த வருஷம் ஆகிவிடும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா நூல் மில்லில் மேஸ்திரி. முதலியார்பேட்டைப் பக்கம், மில்லுச் சங்கு ஊதினால் பாத்திரம் அதிருகிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா வீட்டுக்கு வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தி ஒரு துண்டால் தட்டிவிடுவாள். எங்களோடு அப்பாவின் அக்காவும் இருந்தாள், என் அத்தை. அவளுடைய புருஷன் கல்யாணமான புதிதில் வெற்றிலை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போய், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். திரும்பி வரவில்லை. அதனால் யாராவது கொஞ்சம் அமைதியாக இருந்தாலே போதும், இவர்கள் எங்கேயோ போகத் திட்டம் போடுகிறார்கள் என்று அத்தைக்குத் தோன்றிவிடும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போது சொன்னேன், அது வேறு விஷயம்.

நான் படித்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரத் தெருவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். மில்லுத் துரையின் மனைவி, அந்த மதாம் சொல்லித்தான் அந்த இடம் கிடைத்தது. அப்பாவுக்கு அதில் அத்தனை பெருமை. "எம் பொண்ணு பிராஞ்சு படிக்கிறா" என்று டீக்கடையில் சம்பந்தமில்லாமல் சொல்லுவார். அங்கே கன்னியாஸ்திரிகளை நாங்கள் மசேர் என்று கூப்பிடுவோம். கணக்கும் பூகோளமும் நடத்திய மசேர் ஒரு வெள்ளைக்காரி. புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் கற்றவர். "குழந்தைகளே, அமைதி கொள்ளுங்கள்" என்பார். நாங்கள் அதைக் கேட்டுச் சிரிப்போமே தவிர அமைதி கொள்ள மாட்டோம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவர் ஒரு பிரெஞ்சுப் படப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். முந்தின வருஷம் ரஷ்யாக்காரன் ஒருவன் பூமிக்கு மேலே போய்ச் சுற்றிவிட்டு வந்தானே, இப்போது அமெரிக்காக்காரனும் சுற்றிவிட்டான். பத்திரிகையில் முக்கால்வாசி அவர்களை எப்படித் தயார் செய்தார்கள் என்பதுதான். ஒருவனை நாற்காலியில் கட்டிச் சுற்றுகிறார்கள். ஒருவன் சத்தமே நுழையாத அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். பல் விளக்கும் பசை மாதிரி ஒரு குழாயிலிருந்து சாப்பாட்டைப் பிதுக்கித் தின்கிறான். பலகைமேல் படுத்திருக்கிறான். எல்லோருக்கும் தலை ஒட்ட வெட்டியிருந்தது. அந்தப் பக்கத்தின் வழவழப்பு இப்போதும் என் விரலில் இருக்கிறது, அதிலிருந்து வந்த மண்ணெண்ணெய் மாதிரியான மை வாசனை மூக்கில் இருக்கிறது.

நான் எழுந்து கேட்டேன். "பொண்ணுங்க போவலாமா மசேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுவரை எந்தப் பெண்ணும் செல்லவில்லை. ஆயினும் எவள் ஆயத்தமாக இருக்கிறாளோ, அவள் செல்வாள்" என்றார்.

ஒரு பெரிய மனுஷி எனக்கு நேராகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் ஆயத்தமாக ஆரம்பித்தேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? ஆகாயத்துக்குப் போகிறேன் என்றால் சிரிப்பார்கள். நீங்கள் நேற்றுச் சிரித்தது மாதிரி. தயாரான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இரவில் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தேன். இட்டிலியைக் குறைத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் இருந்தவர்கள் யாருக்கும் தொப்பை இல்லை. கேழ்வரகுக் கூழைத் தாமரை இலையில் சுருட்டி, ஒரு முனையைக் கிள்ளி, மல்லாந்து படுத்துக்கொண்டு பிதுக்கிக் குடித்தேன். பாதி கூழ் காதுக்குள் போகும். தூளி கட்டுகிற கயிற்றை முறுக்கிவிட்டு அதில் உட்கார்ந்து சுற்றினேன். முதல் நாள் வாந்தி எடுத்தேன். பிறகு வாந்தி நின்று போயிற்று. எனக்கு அதில் எத்தனை சந்தோஷம் தெரியுமா? குளிக்கிற தொட்டியில் தலையை முக்கி மூச்சை அடக்கினேன். அதில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன்.

சத்தம் நுழையாத அறைக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. மில்லை ஒட்டின வீட்டில் அதற்கு எங்கே போவது? கடைசியில் கொல்லைப்புறத்தில் விறகுப் பெட்டி கண்ணில் பட்டது. மில்லுக்குச் சீமையிலிருந்து மெஷின் சாமான் வந்த மரப்பெட்டி அது. பக்கத்தில் கறுப்பு மையில் பிரெஞ்சு எழுத்து இருக்கும். அப்பா தலையில் வைத்துத் தூக்கி வந்து விறகு போட வைத்திருந்தார். நான் விறகை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு உள்ளே இறங்கி, முட்டி போட்டுக் குனிந்து, மூடியை இழுத்து மூடிக்கொள்வேன். உள்ளே மெஷின் எண்ணெய் நாறும். சவுக்குப் பட்டை வாசனை வரும். மில்லுச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி அமுங்கிவிடும். என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கும். பயமாகத்தான் இருந்தது. பூரான் இருக்குமோ என்று வேறு பயம். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெட்டிக்குள் இருக்கும்போது மட்டும் நான் போகப்போகிறேன் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை.

அத்தை முதலில் பார்த்தது என் முட்டியை.

"இன்னாடி இது, முட்டி ரெண்டும் தேஞ்சி கீது?"

"வெளாடனேன்."

"வெளாடனா ஒரு முட்டிதான் தேயும்."

எனக்குத் தலை வாரிவிடும்போது அவள் விரல் கழுத்தைச் சுற்றித் தடவிக்கொண்டு போனது. எதற்கு என்று அப்போது புரியவில்லை. சிலுவை கோத்த கயிறு ஏதாவது கட்டியிருக்கிறேனா என்று தேடியிருக்கிறாள். அவள் மனசில் ஓடியது இதுதான்: எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் ஒருத்தி, அவளும் மசேர் பள்ளிக்கூடத்தில் படித்தவள், சில வருஷத்துக்கு முன் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள். அவள் விரும்பித்தான் போனாள், சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் அவளைப் பெற்றவர்கள் ஒரு வருஷம் தெருவில் தலை காட்டவில்லை. அவளும் போவதற்கு முன்னால் சாப்பாட்டைக் குறைத்தாளாம். தரையில் படுத்தாளாம். யாரிடமும் பேச மாட்டாளாம். அத்தை அதையெல்லாம் என்மேல் வைத்துப் பார்த்துவிட்டாள். எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திப் போயிற்று. போதாததற்கு அது வேதக்காரர்களின், அதாவது கிறிஸ்தவர்களின், தவசு காலம். பக்கத்துத் தெருவில் அவர்கள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்துகொண்டிருந்தார்கள். நானும் ஒரு வேளைதான் சாப்பிட்டேன்.

ஒரு நாள் பெட்டிக்குள் இருந்தபோது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். காலடி நின்றது. பிறகு போய்விட்டது. சமையல்கட்டில் அத்தை மெதுவாகப் பேசுவது காதில் விழுந்தது.

"பொட்டிக்குள்ள முட்டி போட்டுக்கினு மூடிய மூடிக்கினு கெடக்குது. அவங்க கோயில்ல ஒரு மரப்பொட்டி இருக்குதுல்ல, உள்ள போயி முட்டி போட்டுக்கினு பாவத்தையெல்லாம் சொல்லுவாங்களே. அதப் பழகுது."

அம்மா எதற்குமே பதில் சொல்ல மாட்டாள். அம்மிக்கல் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

அன்றிலிருந்து எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. நான் ஒதுக்கி வைத்த விறகு இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். என் புத்தகப் பையின் வாரை ஒரு மாதிரி முடிச்சுப் போட்டு வைப்பேன். வந்து பார்த்தால் முடிச்சு வேறு மாதிரி இருக்கும். ஒரு நாள் பெட்டியின் மூடியும் சரியாக மூடவில்லை. விளிம்பில் யாரோ ஒரு சிறிய குச்சியை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். மூடினாலும் ஒரு விரல் இடுக்கு வழியாக வெளிச்சமும் சத்தமும் உள்ளே வந்தன. உளவு பார்ப்பதற்கு அத்தை செய்த வேலை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சத்தம் நுழையாத அறை போயிற்றே. அந்தக் குச்சியைப் பிடுங்க முயன்றேன், வரவில்லை. ரொம்ப நாள் கழித்து, எனக்கே குழந்தை பிறந்த பிறகு, ஒரு நாள் சும்மா பேச்சுவாக்கில் அத்தையிடம் கேட்டேன். அவள் சத்தியம் செய்தாள், தான் இல்லை என்று. அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"வெறகு போடற பொட்டி. காத்து வேணாமா?" என்றாள் அம்மா. முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

அது போகட்டும். தலைமுடிக்கு வருகிறேன். எனக்கு இடுப்பு வரை முடி. அந்த மனிதர்கள் போட்டுக்கொள்கிற கண்ணாடித் தொப்பிக்குள் அது எப்படிப் போகும்? சோறு வடிக்கிற அலுமினியக் குண்டானைத் தலையில் கவிழ்த்துப் பார்த்தேன். கொண்டை போட்டாலும் இறங்கவில்லை, பின்னிப் பார்த்தாலும் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது கத்திரியை எடுத்து, கையில் வந்த இடத்தில் வெட்டிவிட்டேன். குண்டான் காது வரைக்கும் சுலபமாக இறங்கியது. நான் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மூச்சுச் சத்தம் மட்டும். எடுத்துப் பார்த்தால் எதிரே அத்தை நிற்கிறாள். அவள் கத்தவில்லை. தரையில் கிடந்த முடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"முடிய எடுத்துட்டாங்க தம்பி. முடிய எடுத்துட்டாங்கன்னா முடிஞ்சிது" என்று சாயங்காலம் அப்பாவிடம் சொல்லி அழுதாள். கன்னியாஸ்திரிகள் மடத்தில் சேரும்போது முடியை வெட்டிக்கொள்வார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அடிக்கவும் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, வாய்க்கால் பாலத்தருகே ஒரு சைக்கிள் நிற்பதைப் பார்த்தேன். கைப்பிடியில் அப்பாவின் சோற்றுத் தூக்கு தொங்கியது. ஆளைக் காணவில்லை. நான் பார்க்காத மாதிரி நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் சைக்கிள் பின்னாலேயே வருகிறது. வேலை நேரத்தில் மில்லில் சொல்லிக்கொண்டு என் பின்னால் வருகிறார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். அன்றைக்குப் பார்த்து நான் பள்ளிக்கூடத்துக் கோயிலின் பக்கவாசல் வழியாக மசேரோடு வெளியே வந்தேன். அந்தப் பத்திரிகை கோயிலை ஒட்டிய அறையில் இருந்தது, இன்னொரு தடவை படம் பார்க்கக் கேட்டிருந்தேன். மசேர் என் வெட்டுப்பட்ட தலைமேல் கை வைத்து ஏதோ கேட்டார். தெருவுக்கு அந்தப் பக்கம் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அப்போதாவது ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நாமாகச் சொன்னால் நம்மையே மாட்டிவிடுவார்கள் என்கிற புத்தி எனக்கு அதற்குள் வந்திருந்தது.

மசேர் என்ன கேட்டார் என்று சொல்லவில்லையே. "உன் முடியை இப்படி வெட்டியது யார், குழந்தாய்? வீட்டில் உனக்கு உணவு தருகிறார்களா?" என்று கேட்டார். நான் இளைத்திருந்தேன், முட்டியெல்லாம் காயம், முடியைக் கண்டபடி வெட்டியிருக்கிறது. அவருக்கும் ஒரு சந்தேகம். வீட்டில் போட்டு அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். நானே வெட்டிக்கொண்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. அடி வாங்குகிற குழந்தை அப்படித்தான் சொல்லும் என்று நினைத்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கறுப்புக் குடையும் வெள்ளை உடுப்புமாக எங்கள் தெருவில் நடந்து வந்தபோது, கூடவே பாதித் தெரு வந்தது. அப்பா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அத்தை கதவோரம் நின்றாள்.

மசேர் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "இக்குழந்தை மிகவும் மெலிந்திருக்கிறாள். எங்களிடம் விடுதி இருக்கிறது. அவளை அங்கே அனுப்புங்கள். உணவு, உடை, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்.

அத்தை கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"கேட்டுக்கினியா தம்பி?" என்றாள் அத்தை. "வாயத் தொறந்தே கேக்கறாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "பாப்பா, அப்பாகிட்ட உள்ளதச் சொல்லு. நீ மடத்துல சேரணும்னு நெனக்கிறியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் பின்னாலேயே வந்தது, கழுத்தைத் தடவியது, பையைக் கிளறியது எல்லாம் இதற்கா? எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"இல்லப்பா. நான் ஆகாசத்துக்குப் போறதுக்கு ரெடியாவறேன். ராக்கெட்டுல. ருஷியாக்காரன் போனான்ல, அந்த மாதிரி. அதுக்குத்தான் தரையில படுத்தேன், அதுக்குத்தான் பொட்டிக்குள்ள இருந்தேன். தொப்பி போடணும்னுதான் முடிய வெட்டனேன். மசேர கேளுங்க."

எல்லோரும் மசேரைப் பார்த்தார்கள். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அவர் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். "ஆம், ஆம். அதை நான்தான் வகுப்பில் கற்பித்தேன்" என்றார்.

அதோடு என் கதை முடிந்தது. அவர்கள் கணக்கில் நான் சொன்னது பொய், அதைக் கற்றுக்கொடுத்தவரே ஒப்புக்கொண்டாயிற்று. யோசித்துப் பாருங்கள். மில்லு மேஸ்திரியின் பெண் மடத்தில் சேரப்போகிறாள் என்றால் ஊரில் யாரும் நம்புவார்கள், தெருக்கோடியில் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். ஆகாயத்துக்குப் போகப்போகிறாள் என்றால் அது என்ன பேச்சு? அப்பாவை நான் குற்றம் சொல்லி என்ன செய்ய? நான்கூட அவர் இடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அப்பா கை கூப்பினார். "ரொம்ப சந்தோஷம்மா. நீங்க போயிட்டு வாங்க. எம் பொண்ணு இனிமே அங்க வர மாட்டா" என்றார். மசேர் என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். பாலம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார் என்று தெருப்பிள்ளைகள் சொன்னார்கள். அந்த வருஷம் கையெழுத்தாகி ஊர் முழுசாகக் கைமாறியது. அதற்குச் சற்று முன்போ பின்போ அவர் கப்பல் ஏறிப் போய்விட்டாராம். புதுச்சேரியில் ஒரு வீட்டில் பிள்ளையைப் பட்டினி போட்டார்கள் என்றே கடைசிவரை நினைத்திருப்பார். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பட்டினி போடவில்லை.

மசேர் போனதும் அப்பா கொல்லைப்புறத்துக்குப் போனார். விறகை எடுத்து வெளியே போட்டுவிட்டுக் கோடாலியால் பெட்டியைப் பிளந்தார். சீமை மரம், சுலபமாகப் பிளக்கவில்லை. பிரெஞ்சு எழுத்து இருந்த பலகை கடைசியாக உடைந்தது. அன்று வெந்நீர் அதில்தான் காய்ந்தது. அத்தை எனக்கு எண்ணெய் வைத்துத் தலை முழுக்காட்டினாள். குட்டை முடியைத் தேய்த்துத் தேய்த்து விட்டாள். "வளந்துடும், வளந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கை அவ்வளவு இதமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவள் எதிரில் அழவில்லை.

என்னைப் பக்கத்துத் தெருத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே எட்டாவது வரைதான் இருந்தது, பூகோளம் நடத்த வாத்தியார் இல்லை. அதை முடித்ததும் வீட்டோடு இருந்துவிட்டேன். மசேர் பள்ளிக்கூடத்தில் என் இடம் வேறொரு மேஸ்திரி வீட்டுப் பெண்ணுக்குப் போய்விட்டது. அம்மா என்னை ஒரு தையல்காரம்மாவிடம் அனுப்பி ரவிக்கை தைக்கக் கற்கவைத்தாள். முடி வளர்ந்தது. சாப்பிட்டேன், பாயில் படுத்தேன். அத்தைக்குச் சந்தேகம் மெல்லக் குறைந்தது. எனக்குத்தான் குறையவில்லை. யார் என்னிடம் அன்பாகப் பேசினாலும் என்னத்தைத் தேடுகிறார்கள் என்று பார்ப்பேன். பார்த்துப் பார்த்து, ஒருவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் எதைக் கேட்க வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பெட்டியை உடைத்ததற்கு அடுத்த வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள் அப்பா வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். மில்லுச் சங்கு இன்னும் ஊதவில்லை. வாசலில் அம்மா துண்டோடு நின்றாள், அவர் நிற்காமல் உள்ளே வந்தார். பஞ்சு தட்டாத தலையோடு நேராக நான் தைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார். கையில் மடித்த பேப்பர் ஒன்று இருந்தது. டீக்கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்திருக்க வேண்டும், அதில் டீக்கறை இருந்தது.

"பாப்பா, ருஷியாவுல ஒரு பொண்ணு மேல போயிருக்குதாம். ராக்கெட்டுல."

நான் ஊசியைத் துணியில் குத்திவைத்தேன்.

"மில்லுப் பொண்ணாம்" என்றார். "நம்ம மாதிரி பஞ்சாலையில வேல செஞ்சிக்கினு இருந்ததாம். மில்லுல எல்லாரும் இதத்தான் பேசறாங்க." பேப்பரை நீட்டினார், பிறகு தானே மடக்கிக்கொண்டார். "அன்னிக்கு நீ சொன்னியே, ஆகாசத்துக்குன்னு. அது நெசமா? இல்ல, மடத்துக்குத்தானா?"

முதலில் இது ஏதோ பொறி என்றுதான் நினைத்தேன். ஆமாம் என்றால் பழையபடி ஆரம்பித்துவிட்டாள் என்று அத்தையைக் கூப்பிடுவார். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். அந்த வருஷம் முழுக்க நான் பழகியிருந்த பழக்கம், ஒருவர் கேட்கிற கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. பார்த்தேன். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை, தன்னைத்தான் சந்தேகப்பட்டார். மில்லிலிருந்து வீடு வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். ஆகாயத்துக்கு இல்லை என்று சொல்லிவிடு என்றுதான் அவர் கேட்டார்.

"மடத்துக்குத்தாம்ப்பா" என்றேன். "நீங்க திட்டுவீங்கன்னு ஆகாசம்னு சொன்னேன்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். தோளெல்லாம் தளர்ந்து இறங்கியது. "அதானே பாத்தேன்" என்றார். "நல்லவேள. ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன். இந்தா, கொஞ்சம் தண்ணி குடு."

செம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அண்ணாந்து குடித்தார், தொண்டை ஏறி இறங்கியது. எனக்கு மூச்சை அடக்கத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா. அவர் குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைக்கும்வரை அடக்கிக்கொண்டு நின்றேன்.